கழுத்தில் தொங்கும் பிளக்

பிளக்கைப் பிடுங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் செர்வா அக்கா ஸ்பேனரைத் தொடுகிறார். மரத்தின் ஓரத்தைச் செதுக்கும் ரவுட்டர் மெஷினின் வயர் மூன்று மீட்டர் நீளம். அதைக் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பிளக்கின் மூன்று பித்தளைக் கால்களும் நெஞ்சில் வந்து படுகின்றனவா என்று தொட்டுப் பார்க்கிறார். பிறகு மெஷினைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, சுழன்று மரத்தை வெட்டும் அலகான பழைய பிட்டைக் கழற்றுகிறார். புதுப் பிட்டின் தண்டை அடிவரை தள்ளி, ஓர் அரிசி நீளத்துக்கு வெளியே இழுத்து, இரண்டு ஸ்பேனர்களை எதிரெதிராகப் பிடித்து இறுக்குகிறார்.

“அடியில முட்டிக்கிட்டு நின்னா இறுகுன மாதிரி நடிக்கும். சுத்தும்போதுதான் அதோட குணம் தெரியும்” என்று பிட்டைப் பார்த்தே சொல்கிறார்.

பக்கத்துக் கொட்டகையில் கட்டில் செய்யும் ஃபோசு மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்காது. “அக்கா, சங்கிலி புதுசா? எந்த ஊர்த் தங்கம்?”

“உன்ன வித்தாக்கூட இதுல ஒரு கால் வாங்க முடியாது. நேத்து நீ குடுத்த கட்டில் ஆடுதாம். மாப்பிள்ள வீட்டுல சிரிக்கிறாங்க. போய் அதப் பாரு.”

இது தினமும் நடப்பது. குமாசி நகரின் சொகோபான் மரச்சந்தையில் எங்கள் வரிசைக்கு நடுவில் அக்காவின் கொட்டகை. எதிரே என் அப்பா பலகை விற்கிறார். நான் இந்த ஆண்டு பள்ளி முடித்துவிட்டுத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். வேறு எங்காவது போய்விட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். நினைத்துக்கொண்டே அக்காவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா கட்டிலோ மேசையோ செய்வதில்லை. மற்றவர்கள் செய்து கொண்டுவருவதன் ஓரத்தில் மெஷினை ஓட்டி வடிவம் கொடுப்பார். கதவின் விளிம்பில் ஒரு வரி, மேசையின் முனையில் ஒரு வளைவு, தொட்டிலின் மூலையில் குழந்தையின் தலை இடிபடாதபடி ஓர் உருட்டல். வயது நாற்பத்தாறு. ஆள் குள்ளம். மணிக்கட்டு இரண்டும் ஆண்களுடையதைவிடத் தடிமன். கண்ணாடி போட்ட இடத்தைத் தவிர முகம் முழுவதும் மரத்தூள். காதை அடைத்துக்கொண்டே வேலை செய்து பழகியதால் எங்கள் ஊரில் சாவுச் சடங்குக்கான நாளான சனிக்கிழமைகளில் சாவு வீட்டில்கூடக் கத்தித்தான் பேசுவார். துக்கம் விசாரிக்க வந்தாரா, சண்டை போட வந்தாரா என்று புதியவர்கள் திகைப்பார்கள்.

வேலைக்கு முன் வளையல், தோடு, மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு பழைய பால் டின்னில் போடுவார். தலைத்துணியின் நுனியைக்கூட உள்ளே செருகிவிடுவார். அந்த டின்னின் அடியில் நான்காக மடித்த ஒரு சிவப்புத் துணி கிடக்கிறது. டின்னை வேறு யாரும் தொட அவர் விடமாட்டார்.

பலகையை மேசையில் வைத்து இரண்டு கிளாம்ப் போட்டதும் இடுப்பால் ஓர் இடி. அசைந்தால் மறுபடி இறுக்குவார். முதலில் ஒரு கழிவுத் துண்டில் ஓட்டிப் பார்த்து ஆழம் சரியா என்று நகத்தால் தடவுவார். அதன் பிறகும் ஒரே தடவையில் வெட்ட மாட்டார். ஒரு தடவைக்கு அரைப் பென்சில் கனம்தான்.

சென்ற மாதம் ஓர் இளைஞன் கதவோடு வந்து நின்றான். “அக்கா, ஒரே இழுப்புல முடிச்சுக் குடுங்க. வெளிய வண்டி நிக்குது.”

“வண்டி நிக்கும். மெஷின் நிக்காது. உக்காரு.”

“இதுக்கு எதுக்குக்கா மூணு தடவ?”

“நீ ஒரு தட்டுச் சோத்த ஒரே வாயில போடுவியா?” அவனை மேலும் கீழும் பார்த்தார். “போடுவ போலருக்கே.”

வரிசையே சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

சுவிட்சைப் போட்டதும் அக்கா மரத்தைத் தொடுவதில்லை. மெஷினின் குரல் ஏறி ஏறி, இனி ஏறாது என்ற இடத்தில் நிற்கும்வரை இரண்டு கைகளாலும் பிடித்துக் காத்திருப்பார். பிறகு ஓரத்தைப் பார்த்து நின்று இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் நகர்வார். ஒருபோதும் திருப்பி அல்ல. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“மரம் உன்ன எதிர்க்கணும். எதிர்த்தா நீ சரியான பக்கம் போற. இனிக்க இனிக்கக் கூட வந்துச்சுன்னா உடனே நிறுத்து. அது உன்ன இழுத்துக்கிட்டு ஓடப் போகுதுன்னு அர்த்தம்.”

முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, பிட் முழுவதும் நிற்கும்வரை மெஷினைக் கையிலேயே வைத்திருப்பார். அப்புறம் பிளக். அப்புறம் கழுத்து. ஒரு நாளில் இருபது முறையாவது அந்த வயர் அவர் கழுத்துக்கு ஏறி இறங்கும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவரிடம் இந்தப் பழக்கம் இல்லை. யாரிடமும் இல்லை.

எங்கள் ஊரில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சந்தையில் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு மெஷினை மட்டும் சுவிட்ச் போட்டபடியே விட்டுவிடுவார்கள். கரண்ட் வந்ததும் அது அலறும். சாப்பாட்டுக் கடையிலும் மரநிழலிலும் இருப்பவர்கள் எழுந்து ஓடிவருவார்கள். அந்த மெஷினுக்குச் ‘சேவல்’ என்று பெயர். வாரம் ஒரு கொட்டகையின் முறை. சேவல் எது என்று தெரிவதற்கு அதன்மேல் சிவப்புத் துணி போட வேண்டும். துணி இல்லாவிட்டால் மெஷின் அணைந்திருக்கிறது, தைரியமாகக் கை வைக்கலாம் என்று அர்த்தம். பிளக்கைப் பிடுங்கும் வழக்கம் கிடையாது. கரண்டே இல்லாத நேரத்தில் பிளக்கை எதற்குப் பிடுங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போது அக்காவோடு அதே கொட்டகையில் டான்சோ அண்ணன் இருந்தார். மெஷின் இருவருக்கும் பொது. ஓரம் அக்காவுக்கு, எழுத்து அண்ணனுக்கு. ரவுட்டரை வெறுங்கையால் நகர்த்தி, எந்த அச்சும் இல்லாமல் பலகையில் எழுத்து வெட்டுவார். எங்கள் பகுதியில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகைகள் அவர் வெட்டியவை. எழுத்தின் வால் ஒவ்வொன்றும் மீன் திரும்புவதுபோல் இருக்கும்.

அது ஒரு திங்கட்கிழமை. சேவல் முறை அக்காவின் கொட்டகைக்கு வந்த முதல் நாள். மதியம் கரண்ட் போனது. டான்சோ அண்ணன் ஒரு பலகையைக் கொடுத்துவர வெளியே போயிருந்தார். அக்கா மெஷினைச் சுவிட்ச் போட்டபடியே படுக்கவைத்துவிட்டு, ஆணியிலிருந்து சிவப்புத் துணியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து, வாச்சே என்ற பயற்றுச் சோறு விற்கும் கடையிலிருந்து, “செர்வா! பயறு தீரப் போகுது, அப்புறம் வெறும் சோறுதான்!” என்று ஒரு குரல். அக்கா அந்தத் துணியால் முகத்தைத் துடைத்தபடியே நடந்துவிட்டார்.

எனக்கு இது தெரியும். கடையில் அவருக்குப் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நான் நின்றேன். அப்போது எனக்குப் பதினான்கு வயது. கரண்ட் வந்தது. சந்தை முழுவதும் எப்போதும்போல, “வந்துருச்சூ!” என்று கூவியது. நான் தட்டைத் தட்டினேன். அக்கா கையிலிருந்த துணியைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினார். சுழற்றும்போதே அது என்ன துணி என்று பார்த்துவிட்டார். அவர் முகம் மாறியதை நான் மட்டும்தான் பார்த்தேன். துணியை ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டு ஓடினார்.

அண்ணன் அதற்குள் திரும்பி வந்திருந்தார். துணி இல்லாததைப் பார்த்து, கரண்ட் வருவதற்குள் பிட்டை மாற்றிவிடலாம் என்று கை வைத்திருந்தார். அவர் கத்தியிருக்க வேண்டும். ஊரே கூவிக்கொண்டிருந்ததில் எங்கள் யாருக்கும் அது கேட்கவில்லை. இடது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

மாலையில் துணியைத் தேடினார்கள். தூளுக்குள், மேசைக்கு அடியில், சாக்கடையில்கூட. கிடைக்கவில்லை. கீழே விழுந்து யார் காலிலோ ஒட்டிக்கொண்டு போயிருக்கும் என்று முடிவு செய்தார்கள். மருத்துவமனையில் கட்டுப் போட்டிருந்த கையோடு அண்ணனும் அதையே சொன்னார். “போடாம போகமாட்டாங்க அக்கா. கீழ விழுந்து கெடந்திருக்கும். நான்தான் பாக்கல.”

அக்கா அப்போது கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சின்னப் பையன், பெரியவர்கள் பேசட்டும் என்று இருந்தேன். பிறகு அதற்கு நேரம் வரவே இல்லை.

இப்போது எங்கள் வரிசையில் சேவல் ஒரு பழைய ரேடியோ. அக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து தூணில் கட்டியது.

டான்சோ அண்ணன் சந்தை வாசலில் உப்புத்தாளும் பசையும் ஆணியும் விற்கிறார். கை ஆறி வெகுகாலமாகிவிட்டது. மூன்று விரல்களால் ஆணியை எண்ணாமல் அள்ளிச் சரியாகக் கொடுப்பார். திரும்ப வேலைக்கு வா என்று யார் கூப்பிட்டாலும் ஒரே பதில். “கை கெடக்கட்டும்ணே. கண்ணுல்ல தப்பிருச்சு. செக்கச்செவேல்னு கெடந்த துணியப் பாக்காத கண்ணு, சுத்துற பிட்டப் பாக்குமா?”

அக்கா தினமும் காலையில் அவரிடம் ஐந்து உப்புத்தாள் வாங்குகிறார். அக்காவின் வேலைக்கு வாரம் ஒன்று போதும். மேசைக்கு அடியில் பிரிக்காத தாள்கள் முழங்கால் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. மழைக்காலத்தில் அடிக்கட்டு நனைந்து மணல் உதிர்ந்துவிட்டது. அப்போதும் வாங்கினார்.

“இவ்வளவு தேச்சா மரமே மிஞ்சாதேக்கா” என்று அண்ணன் சிரிப்பார்.

“என் மரம், நான் தேய்க்கிறேன். குடு.”

மூன்று வாரங்களுக்கு முன்பு ஒரு போதகர் வந்தார். புதிதாகக் கட்டிய சபைக்கு மஹாகனியில் பெயர்ப்பலகை வேண்டும், ஞாயிறு நன்றி ஆராதனைக்கு முன்னால் மாட்ட வேண்டும் என்றார். “எழுத்து மட்டும் டான்சோ எழுத்தா இருக்கணும். என் கல்யாணக் கட்டில்ல அவன் வெட்டுனது இன்னும் அப்படியே இருக்கு.”

“அவன் வருவான், பாஸ்டர்” என்றார் அக்கா.

போதகர் போனதும் ஃபோசு மாஸ்டர் எழுந்து வந்துவிட்டார். “யாரக் கேட்டுச் சொன்ன?”

“யாரையும் கேக்கல.”

“அவன் வரலன்னா?”

“அப்ப வெறும் பலகைய மாட்டிக்கிட்டு ஜெபம் பண்ணட்டும்.”

மறுநாள் அக்கா ஒரு பையோடு வாசலுக்குப் போனார். நான் அங்கே கம்பங்கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து ஒட்டுப்பலகைத் தட்டு ஒன்றை எடுத்து உப்புத்தாள்களின்மேல் வைத்தார். மெஷினுக்கு அடியில் மாட்டும் தட்டு. வழக்கமானதைப்போல் இரண்டு மடங்கு அகலம். இரண்டு பக்கமும் கைப்பிடிகள். இடப்பக்கக் கைப்பிடி மாங்காய் அளவில், மூன்று பள்ளங்களோடு.

டான்சோ அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருக்குக்கா இது?”

“அகலமா இருந்தா சாயாது. அதான். கைப்பிடி… உனக்கு.”

அண்ணன் இடது கையை அதன்மேல் வைத்தார். மூன்று விரல்களும் மூன்று பள்ளங்களில் போய் உட்கார்ந்தன.

“எப்பக்கா அளவெடுத்தீங்க?”

“தெனம் பேப்பர் குடுக்குற கைதான? தெரியாதா?”

அண்ணன் சிரித்தார். நல்ல சிரிப்பு. கையை எடுக்காமலே சொன்னார். “ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா கையில ஒண்ணுமில்லக்கா. கண்ணுலதான். அன்னைக்கு அந்தத் துணி அங்கதான் எங்கயோ கெடந்திருக்கும். நான் பாத்திருக்கணும்.”

“தம்பி, அந்தத் துணி…”

“விடுங்கக்கா. நாலு வருசமா அதையே மனசுல போட்டு ஒழப்பிக்கிறீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. சத்தியமா சொல்றேன்.”

அக்கா வாயைத் திறந்தார். இரண்டு லாரிகள் கடந்து போகும்வரை அது திறந்தே இருந்தது. பிறகு, “எம்பதாம் நம்பர் பேப்பர் அஞ்சு குடு” என்றார்.

தாளை எடுத்துக் கொடுத்தபடி அண்ணன் சொன்னார். “பாஸ்டருக்காக எழுத்த வரைஞ்சு தரேன். வெட்டுறது நீங்க. மெஷினத் தொடமாட்டேன்.”

அன்று பிற்பகல் அக்கா ஒரு மேசையின் ஓரத்தைக் கருக்கிவிட்டார். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தினால் மரம் தீய்ந்துபோகும். முதல் வாரம் கற்றுக்கொள்பவர்கள் செய்யும் பிழை அது. கருகிய இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார். “எதிர்க்க மாட்டேங்குறான்டா. ஒரு வார்த்த திட்ட மாட்டேங்குறான். இனிக்க இனிக்க வரான்.”

‘எனக்குத் தெரியும் அக்கா’ என்று சொல்ல அது நல்ல நேரம். நான் புதுப் பலகை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

சனிக்கிழமை காலை டான்சோ அண்ணன் கொட்டகைக்குள் வந்தார். நான்கு ஆண்டுகளில் முதல் முறை. வரிசை முழுவதும் பார்க்காததுபோல் பார்த்தது. அவர் மஹாகனிப் பலகையை உள்ளங்கையால் ஒரு முறை நீளமாகத் தடவிவிட்டு, பென்சிலை எடுத்து நிற்காமல் வரைந்தார். பன்னிரண்டு எழுத்துகள். அழிக்கவே இல்லை.

அக்கா வளையல்களை டின்னில் போட்டார். வயரைக் கழுத்தில் போட்டார். மெல்லிய பிட்டை மாட்டி, அந்த அகலத் தட்டைத் திருகி, ஆழம் வைத்தார். கிளாம்ப் போட்டு இடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஓரக்காரர். வழிகாட்டும் விளிம்பு ஏதும் இல்லாமல், வெறும் கோட்டைப் பார்த்து வெட்டியவர் அல்ல. பிளக்கை மாட்டிவிட்டு, மெஷினைக் கோட்டின்மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

“தோள எறக்குங்க” என்றார் அண்ணன். “பிட்டப் பாக்காதீங்க. கோட்டப் பாருங்க. பிட்டு இனிமே போற எடத்தப் பாருங்க, வந்த எடத்த இல்ல.”

“நீ வாயால வெட்டுற. நான் கையால வெட்டுறேன்.”

“வாய்தான்க்கா முழுசா இருக்கு.”

அக்கா சுவிட்சைப் போட்டார். முதல் எழுத்து நடுங்கியபடி வந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதன் வளைவில் பாதி போனபோது கரண்ட் போய்விட்டது.

அக்கா உடனே சுவிட்சை அணைத்தார். பிட் நின்றது. வழக்கப்படி பிளக்கைத் தேடிக் கையை நீட்டினார். அதற்குள் டான்சோ அண்ணன் அதைப் பிடுங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“எப்படியிருக்கு எனக்கு?”

“சங்கிலியத் தம்பிக்கே குடுத்துட்டியா அக்கா?” என்று ஃபோசு மாஸ்டர் கத்தினார். “எங்களுக்கெல்லாம் கெடையாதா?”

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் வெட்டிய எழுத்துகளிலிருந்து தூளை ஊதிக்கொண்டிருந்தார். தூணில் இருந்த ரேடியோவைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நல்ல ஏற்பாடுக்கா. துணின்னா கண்ணு தவறவிடும். ரேடியோவ யாரு தவறவிட முடியும்? என்னாலகூட முடியாது.”

அக்கா எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல் நின்றார்.

அப்போது ரேடியோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து பாடத் தொடங்கியது. சந்தை முழுவதும், “வந்துருச்சூ!” என்று கூவியது. வாச்சே கடையில் தட்டுகள் தட்டப்பட்டன. ஃபோசு மாஸ்டர் கட்டையால் பலகையை அடித்தார். டான்சோ அண்ணன் கழுத்திலிருந்து பிளக்கைக் கழற்றிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

அக்காவின் உதடுகள் அசைந்தன. சாவு வீட்டிலும் கத்திப் பேசும் அந்தக் குரல் எனக்குக் கேட்கவில்லை. அண்ணனுக்கும் கேட்கவில்லை. “என்னக்கா?” என்று அவர் இடது கையைக் காதருகே குவித்தார். மூன்று விரல்கள் குவிந்தன. இரண்டு விரல்களின் இடத்தில் வெளிச்சம் தெரிந்தது.

அக்கா மறுபடி சொல்லவில்லை. பால் டின்னைக் கவிழ்த்தார். வளையல்கள் மேசையில் உருண்டன. அடியில் ஒட்டியிருந்த சிவப்புத் துணியை எடுத்து உதறிப் பிரித்தார். மடிப்புகளுக்குள் இருந்த பழைய தூள் கொட்டியது. பிறகு அன்று வாச்சே கடையில் செய்ததைப் போலவே அதைத் தலைக்குமேல் தூக்கினார். சுழற்றவில்லை. டான்சோ அண்ணனைப் பார்த்தபடி பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் காதருகே குவித்திருந்த கை மெல்லக் கீழே இறங்கியது. கூச்சல் ஓய்ந்தது. ஒவ்வொரு கொட்டகையாக மெஷின்கள் ஓடத் தொடங்கின. அக்காவின் கை மட்டும் இறங்கவே இல்லை.